மாதிரி ஆசிரியர்

ஆகஸ்ட் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் உள்ள கற்பித்தல் ஆதரவு மையத்தில், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான தொழில்நுட்ப அறிமுக முகாம் நடந்தது. மையத்தின் கதவு அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அடையாள அட்டை முகாம் முடிந்த பிறகுதான் வழங்கப்படும். ஆசிரியர்கள் நடைபாதையில் காத்து நின்றார்கள். துப்புரவுப் பணியாளர் வாளியோடு வெளியே வந்தபோது கதவு திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

அவர்களில் ஒருவர் வேதியியல் ஆசிரியை. பழைய கல்லூரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சகத்தில் இருந்த கணவரின் வேலையையும் விடச் சொல்லி, மகளைப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே பிடுங்கிக்கொண்டு, லாரியில் சாமான் ஏற்றி வந்திருந்தார். பல்கலைக்கழகக் குடியிருப்பில் வீடு கொடுத்திருந்தார்கள். நியமன ஆணையில் எல்லாமே நன்றாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. செப்டம்பர் மாதம் முடிவதற்குள், பாடமும் வருகையும் பதிவாகும் 'துணைவன்' என்ற கணினித் தளத்தில் 'நடப்பு ஆசிரியர்' என்ற நிலையை எட்டாதவரின் நியமனம் தானாகவே ரத்தாகும் என்றது அந்த வரி. ஒருவர் ரத்து செய்தால் அவரிடம் போய் அழலாம், சண்டை போடலாம். ஆசிரியையைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் 'தானாகவே'தான்.

மையத்தின் இயக்குநர் சிரித்த முகத்தோடு மேடையேறினார். அவர் ஒரு காலத்தில் பொருளாதாரம் நடத்தியவர். வகுப்புக்குள் போய்ப் பல காலம் ஆகிவிட்டதால் கற்பித்தலைப் பற்றி அவருக்கு மிகத் தெளிவான கருத்துகள் இருந்தன.

"தொழில்நுட்பத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்," என்று தொடங்கினார். "போன வருஷம் பயந்தவங்க யாரும் இப்ப இங்க இல்லை. துணைவன் உங்க வேலையைப் பறிச்சிடும்னு சிலர் வதந்தி பரப்புறாங்க. உங்க வேலை ஏற்கெனவே துணைவன் கையிலதான் இருக்கு. அப்புறம் எதுக்குப் பறிக்கணும்? போன வருஷக் கருத்துக் கணிப்புல நூத்துக்கு நூறு பேர் திருப்தின்னு சொல்லியிருக்காங்க. திருப்தி இல்லாதவங்களால தளத்துக்குள்ள நுழைய முடியலை. நுழைஞ்சிருந்தா அவங்க கருத்தையும் மதிச்சிருப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வேதியியல் ஆசிரியைக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் மட்டும் தட்டவில்லை. அவர் புவியியல் ஆசிரியர். அன்று மத்தியானத்துக்குள் அவருக்குப் 'பூகோளம்' என்று பெயர் விழுந்துவிட்டது. பாடத்தால் வந்த பெயரா, வயிற்றால் வந்த பெயரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

"அக்கா, போன வருஷம் உங்க துறையில ஒருத்தர் இருந்தாராமே," என்று அவர் காதோரம் சொன்னார்.

"என்ன ஆனாரு?"

"ரத்தாயிட்டாரு."

அடுத்தது செய்முறை விளக்கம். மையத்தின் தொழில்நுட்பர் கணினி முன்னால் உட்கார்ந்தார். யார் எதைக் கேட்டாலும் "பாஸ்வேர்டை மாத்திப் பார்த்தீங்களா?" என்பது அவர் வழக்கம். அதனால் வளாகத்தில் அவர் பெயரே பாஸ்வேர்டுதான்.

"கணக்கு எப்படித் தொடங்குறதுன்னு காட்டுறேன். மாதிரிக்கு ஒருத்தர் வாங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வேதியியல் ஆசிரியை பார்க்கத் தாமதித்துவிட்டார்.

"மேடம், நீங்களே வாங்க. பணியாளர் எண்ணைச் சொல்லுங்க."

சொன்னார். பாஸ்வேர்டு எண்ணைத் தட்டினார். பெயர் என்ற கட்டத்தில் 'மாதிரி ஆசிரியர்' என்று தட்டினார்.

"என் பேரைப் போடலையா?"

"மாதிரிக்குத்தானே மேடம். அப்புறம் அழிச்சிட்டு உங்க பேர் போட்டுக்கலாம்." அவர் சேமி என்ற பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை வெளிச்சம் வந்தது. "பார்த்தீங்களா, எவ்வளவு சுலபம்! இதே மாதிரி எல்லாரும் அவங்கவங்க பேர்ல பண்ணுங்க."

எல்லோரும் அவரவர் பெயரில் செய்தார்கள். வேதியியல் ஆசிரியை அழிக்கப்போனபோது திரை சொன்னது: 'இந்தக் கணக்கு பாதுகாக்கப்பட்டது.'

*

வகுப்பறைக் கதவில் அட்டையைக் காட்டியதும் ஒரு பெண் குரல் பேசியது. "வணக்கம், மாதிரி ஆசிரியர். இது செய்முறை விளக்கம் மட்டுமே. இங்கு நடப்பவை எதுவும் சேமிக்கப்படமாட்டா."

உள்ளே முதுகலை மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய திரையில் அன்றைய பாடம் வந்தது: 'பாடத்தின் தலைப்பை இங்கே எழுதவும்.' அதன் கீழே வருகைப்பதிவு. மாணவர் அ. மாணவர் ஆ. மாணவர் இ. இப்படியே போய் மாணவர் ஃ-இல் முடிந்தது. முன்னால் இருந்த பையன்களும் பெண்களும் அதில் ஒருவர்கூட இல்லை.

"மேடம், என் பேர் எங்க?" என்றான் முதல் வரிசைக்காரன்.

"சரி பண்ணிடுவாங்க. இன்னிக்கு மட்டும்தான்."

அன்றைக்கு மட்டும் என்பது வாரக்கணக்கில் நீண்டது. வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று மாணவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஆசிரியையைவிட வேகமாகப் பழகிக்கொண்டார்கள். வந்த வரிசையில் எழுத்துகளைப் பிரித்துக்கொண்டு, கூப்பிட்டால் "உள்ளேன் மேடம்" என்றார்கள்.

"டேய், நான்தான்டா நெடில். நீ குறில், ஓரமா உட்காரு."

"உயரத்தைப் பத்திப் பேசாத. நான் உனக்கு முன்னாடி வர்ற எழுத்து."

கடைசியாக வந்த ஒரு பெண்ணுக்கு ஃ கிடைத்திருந்தது. அவள் எழுந்து நின்றாள். "மேடம், நான் தனியா உட்கார மாட்டேன். ஆய்த எழுத்து தனியா நிக்காது. முன்னாடி ஒரு குறில் வேணும், பின்னாடி ஒரு வல்லினம் வேணும்."

"வல்லினத்துக்கு எங்கடி போறது? இங்க எல்லாமே உயிர்தான்," என்று யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "பட்டத்துல என்ன மேடம் போடுவாங்க?"

ஆசிரியை கரும்பலகைக்குத் திரும்பினார்.

தினமும் மாலையில் அவர் தன் நிலையைப் பார்த்தார். மற்றவர்களுக்கு 'நடப்பு ஆசிரியர்' என்றோ, குறைந்தபட்சம் 'பரிசீலனையில்' என்றோ வந்தது. அவருக்கு 'பொருந்தாது' என்று வந்தது.

*

"புகாரைத் தளத்துல பதிவு பண்ணுங்க மேடம்," என்றார் பாஸ்வேர்டு.

"பண்ணிட்டேன். விரலை எடுக்குறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. புகார் தீர்க்கப்பட்டது, நன்றின்னு."

"அப்பத் தீர்ந்துடுச்சே."

"என்ன தீர்ந்துச்சு?"

"புகார் தீர்ந்துச்சு. பிரச்சினை வேற பிரிவு." அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஓ, மாதிரிக் கணக்குல இருந்து போட்டிருக்கீங்க. அது மாதிரிப் புகார்ப் பெட்டிக்குப் போகும். அங்க மாதிரிப் பதில் வரும். அது சரியாத்தான் வேலை செய்யுது."

"இந்தக் கணக்கையே அழிச்சிடுங்க சார். கையெடுத்துக் கும்பிடுறேன்."

"அழிக்க முடியாது. எல்லா முகாமும் அதை வெச்சுத்தான் ஓடுது."

"அப்ப என் எண்ணை மட்டும் அதுல இருந்து எடுங்க."

"எண்ணை எடுத்துட்டா நீங்க யாருன்னு எப்படித் தெரியும்?"

"இப்ப மட்டும் தெரியுதா?"

"தெரியுதே. மாதிரின்னு தெரியுதே." அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்களைப் பார்த்தா ஆசிரியர் மாதிரிதான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா தளத்துல மாதிரி ஆசிரியர்னு இருக்கு. எனக்கும் குடும்பம் இருக்கு. பாஸ்வேர்டை மாத்திப் பார்த்தீங்களா?"

வீட்டில் கணவர் மகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டதிலிருந்து அவர் வீட்டில் எதையாவது சரிசெய்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, துணைவன் என்னை ஏத்துக்க மாட்டேங்குது."

"நான் எப்ப மாட்டேன்னு சொன்னேன்?"

ஆசிரியை சிரிக்கவில்லை. அவர் ஊசியைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் மாதிரிப் புருஷனா?" என்றார்.

"அந்த அளவுக்கெல்லாம் நீங்க இல்லை."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவர், மகள் காதில் விழாதபடி, "அச்சகத்துல என் இடத்துக்கு ஆள் போட்டுட்டாங்கம்மா. போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன்," என்றார். அவர் கேட்டிருக்கிறார் என்பதே ஆசிரியைக்கு அப்போதுதான் தெரிந்தது. சமையலறையில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பிரிக்கலாமா என்று கணவர் கேட்கவில்லை. பிரிக்கலாம் என்று ஆசிரியையும் சொல்லவில்லை.

*

செப்டம்பர் நடுவில் இயக்குநர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். வேறு பல்கலைக்கழகங்களில் துணைவனை வாங்க யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பின்னால் தண்ணீர் பாட்டிலோடு பாஸ்வேர்டு வந்தார்.

"இதுதான் நம்ம மாதிரி வகுப்பு," என்றார் இயக்குநர். "இவங்க மாதிரி ஆசிரியர். இவங்க மாதிரி மாணவர்கள்."

ஒரு விருந்தினர் ஆசிரியையின் முகத்துக்கு அருகில் வந்து பார்த்தார். "நிஜ ஆள் மாதிரியே இருக்காங்களே!"

"நிறையச் செலவு பண்ணியிருக்கோம்."

ஆசிரியையின் கையில் இருந்த சுண்ணக்கட்டி உடைந்தது. "நான் நிஜ ஆளுங்க," என்றார். விருந்தினர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "நான் நிஜமான ஆளு! எனக்கு வீடு இருக்கு, குழந்தை இருக்கு! இந்தப் பசங்களுக்கெல்லாம் பேர் இருக்கு! யாராவது கேளுங்களேன்!"

அவர் கத்தியது வெளியே மரத்தடி வரை கேட்டது. மாணவர்கள் அசையாமல் இருந்தார்கள். இயக்குநர் விருந்தினர்கள் பக்கம் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"இதைக் காட்ட இன்னிக்கு நேரம் இருக்காதுன்னு நினைச்சேன். மன உளைச்சல்ல இருக்கிற ஆசிரியரை எப்படிக் கையாளுறதுன்னு எங்க பயிற்சியில ஒரு தனிப் பகுதியே இருக்கு. கவனிங்க. முதல்ல தண்ணி."

பாஸ்வேர்டு பாட்டிலை நீட்டினார்.

"அடுத்தது, புரிதல்."

"உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது மேடம்," என்றார் பாஸ்வேர்டு. அவருக்கு உண்மையாகவே புரிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் போகலாம்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். அன்றே இரண்டு பல்கலைக்கழகங்கள் துணைவனை வாங்கச் சம்மதித்ததாக மையத்தின் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். ஆசிரியையின் படமும் இருந்தது. படத்தில் வாய் திறந்திருந்தது.

*

மாதம் முடியச் சில நாட்களே இருந்தபோது பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். வயதானவர், மெல்லப் பேசுகிறவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வந்த நாளிலிருந்து ஆசிரியையை உட்காரச் சொன்ன முதல் அதிகாரி அவர்தான்.

"பயப்படாதீங்கம்மா. நானே விதியைப் படிச்சுப் பார்த்துட்டேன். நடப்பு ஆசிரியர் ஆகாத ஆசிரியரோட நியமனம்தான் ரத்தாகும். நீங்க மாதிரி. மாதிரிக்குக் காலாவதியே கிடையாது. உண்மையைச் சொன்னா, இந்த வளாகத்துல நிரந்தரமான ஆள் இப்ப நீங்க ஒருத்தர்தான். என் பதவிக்குக்கூட முடிவு தேதி இருக்கு."

ஆசிரியைக்கு மூச்சு வந்தது. "அப்ப வீடு சார்?"

"அங்கதான் ஒரு சின்னச் சிக்கல். வீடு வகுப்போட ஒட்டினது. உங்க மாணவர்களோட பெற்றோர் எழுதியிருக்காங்க, பிள்ளைங்க வருகை பதிவாகலைன்னு. அது நியாயம்தான். அதைச் சரிபண்ணலைன்னா இந்த வகுப்பை மூடணும். வகுப்பு இல்லைன்னா வீடு இல்லை. வேலையும் மையத்துல காட்சிக்கு மட்டும்னு ஆயிடும், அதுக்குச் சம்பளம் கேட்க முடியாது."

"பசங்க பேரைச் சேர்க்க என்ன வழி சார்?"

"ரொம்பச் சுலபம். ஒரு நடப்பு ஆசிரியர் பேர்ல உங்க வகுப்பை மாத்திடலாம். பாடம் நீங்களே நடத்துங்க. பேர் மட்டும் அவரோடது. எந்தத் துறையா இருந்தாலும் துணைவன் பார்க்காது. புதுசா சேர்ந்தவங்க யாராவது சம்மதிச்சாப் போதும், மத்தவங்களுக்கு ஏற்கெனவே வகுப்பு நிறைய இருக்கு."

புதிதாகச் சேர்ந்தவர்களில் ஆசிரியையோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தவர் பூகோளம் மட்டும்தான். மற்றவர்கள் நடைபாதையில் அவரைப் பார்த்தால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

"அவருக்கும் அதே நேரத்துல வகுப்பு இருக்கு சார்," என்றார் ஆசிரியை. "ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு அறையில இருக்கிற மாதிரி வருமே?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, அன்பாகவே சொன்னார்: "அதைத் துணைவன் பார்த்துக்கும்."

அந்த வாக்கியத்தின் பொருள் ஆசிரியைக்கு உடனே விளங்கியது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் பதிவாளர் அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார். ஆசிரியை கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

பூகோளம் தன் அறையில் சுவரில் உலக வரைபடம் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தூக்கினால் இன்னொரு பக்கம் இறங்கியது.

"அக்கா, கொஞ்சம் பிடிங்க. ஆப்பிரிக்கா சாயுது."

ஆசிரியை பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"பேருதானேக்கா? எடுத்துக்கோங்க. நானும் வேதியியல் நடத்தினேன்னு ஊர்ல சொல்லிக்குவேன். பள்ளிக்கூடத்துல அதுல ரெண்டு தடவை பெயில் ஆனவன் நான்." ஆணியை அடித்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"துணைவன் பார்த்துக்கும்னு பதிவாளர் சொன்னாரு தம்பி."

"பதிவாளரே சொல்லிட்டாரா? அப்ப என்ன!" இரண்டடி பின்னால் வந்து வரைபடத்தைப் பார்த்தார். "நேரா இருக்காக்கா? அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிட்டு வரப்போறேன். வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கேன். வந்ததும் நீங்கதான் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும், அம்மாவுக்குப் பேச ஆள் வேணும்."

"நேராத்தான் இருக்கு," என்றார் ஆசிரியை.

அன்று மாலையே பெயர் மாறியது. மறுநாள் காலை வகுப்பறைத் திரையில் மாணவர்களின் சொந்தப் பெயர்கள் வந்தன. அவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஃ-ஆக இருந்த பெண் தன் பெயரை இரண்டு தரம் கூப்பிடச் சொன்னாள். அந்த வார இறுதியில் கணவர் சமையலறையிலிருந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கினார்.

அக்டோபர் முதல் நாள் காலை பூகோளம் வேதியியல் வகுப்பின் வாசலில் வந்து நின்றார். கையில் சுருட்டிய வரைபடம் இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். தளத்துல நான் எப்பவும் ரெண்டு அறையில இருக்கேன்னு வருது. நான் நம்பத்தகுந்த ஆள் இல்லையாம். நீங்க வந்து பதிவாளர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

ஆசிரியை ஒரு சமன்பாட்டின் பாதியில் இருந்தார். போய்ப் பேசினால் தன் கணக்கையும் பதிவாளர் மறுபடி எடுத்துப் பார்ப்பார் என்று நினைத்தார். அடுக்கிய பாத்திரங்களை நினைத்தார்.

"வகுப்பு முடியட்டும் தம்பி," என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் நடைபாதைச் சுவரோரமாகப் போய் நின்றார். ஆசிரியை சமன்பாட்டை முடித்தார். அது சமன்படவில்லை என்று முதல் வரிசைக்காரன் சொன்னான். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மணி அடித்த பிறகும் மாணவர்களின் சந்தேகங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னார். வெளியே வந்தபோது நடைபாதையில் யாரும் இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காணப்பட்டதால் புவியியல் ஆசிரியரின் நியமனம் செப்டம்பர் முப்பதோடு தானாகவே ரத்தாகியிருந்தது. வேதியியல் வகுப்பு, புதிதாகச் சேர்ந்த வரலாற்று ஆசிரியரின் பெயருக்கு மாற்றப்பட்டது. சம்மதம் வாங்கி வந்தவர் வேதியியல் ஆசிரியை. புவியியல் துறையில் ஓரிடம் காலியாக இருப்பதாகவும், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் அடுத்த வாரம் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது.